அணைந்தால் மறையும் சின்னங்கள்: ஃபிலிமா, அக்ரிலிக்கா, எஸ்எஸ் தகடா?

மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கண்ட்ரோலர் பெட்டிகளை மதுரைப் பக்கம் கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் செய்கிறோம். பழைய மாடலின் முகப்பில் நான்கு எல்இடி இருக்கும், ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. திருநகரில் ஒரு வீட்டில் பெட்டியை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா கேட்டார்: "தம்பி, நாலு லைட்டு இருக்கு. எது எரிஞ்சா தொட்டி நெறஞ்சிருச்சுன்னு அர்த்தம்?" அந்தக் கேள்விதான் முகப்பையே மாற்ற வைத்தது.

புது முகப்பு அணைந்திருக்கும்போது முழுக்கக் கறுப்பு. தொட்டி நிறைந்தால் நிறைந்த தொட்டியின் படம் மட்டும் பச்சையில் வரும். போர்வெல்லில் தண்ணீர் இல்லையென்றால் சொட்டு விழாத குழாய் சிவப்பில் வரும். ஒரு நேரத்தில் ஒரே படம், எழுத்தே இல்லை. இதைச் செய்ய மூன்று வழிகளை மாதிரி போட்டுப் பார்த்தேன்: பின்பக்கம் அச்சடித்த பாலியெஸ்டர் ஃபிலிம், ஸ்மோக் அக்ரிலிக் (புகை நிறத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்), லேசரில் நுண்துளை போட்ட எஸ்எஸ் (எவர்சில்வர்) தகடு. எடுத்துக்கொண்டது ஃபிலிம்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஃபிலிம்தான் மலிவு, அடுத்தது அக்ரிலிக், தகடு எட்டாத உயரம்.

முதலில், சின்னம் எப்படி மறைகிறது என்பது புரிந்தால்தான் மற்றதெல்லாம் பிடிபடும். கண்ணாடிபோன்ற ஃபிலிமின் பின்பக்கம் முழுவதும் புகை நிறத்தில் ஒளி ஊடுருவும் மை, அதற்கும் பின்னால் சின்னத்தின் வடிவத்தை மட்டும் விட்டுவிட்டு ஒளி புகாத கறுப்பு மை. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் புகை மையை உள்ளே போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை எனக் கடக்க வேண்டும். எல்இடியின் ஒளி ஒருமுறை கடந்தால் போதும். மை ஐந்தில் ஒரு பங்கு ஒளியை விடுகிறது என்று வையுங்கள். எல்இடியின் ஒளி 20 சதவீதம் வெளியே வரும். உள்ளே பட்டுத் திரும்பும் வெளி வெளிச்சமோ அதிகம் போனால் 4 சதவீதம். அணைந்தால் மறைவதும் எரிந்தால் தெரிவதும் இந்த வித்தியாசத்தால்தான். ஸ்மோக் அக்ரிலிக்கும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

அதனால் உள்ளே இருக்கும் பொருளும் கறுப்பாக இருக்க வேண்டும். முதல் மாதிரியில் பிசிபி, அதாவது எல்இடி பொருத்திய மின்சுற்றுப் பலகை, வழக்கமான பச்சை. பகலில் சின்னத்தின் இடத்தில் மங்கலாக ஒரு பச்சை நிழல் தெரிந்தது. மேல்பூச்சு கறுப்பாக உள்ள பிசிபி வாங்கியதும் போய்விட்டது. ஒளி சீராகப் பரவ சின்னத்துக்குப் பின்னால் வெள்ளை மை அடிக்கலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அடித்தால் பரவும், ஆனால் பகல் வெளிச்சத்தில் அந்த வெள்ளையே சின்னத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்இடியை இன்னும் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகத் தடுப்புச் சுவர் வைத்தேன். நடுவில் பொட்டுப்போல் தெரிந்த வெளிச்சமும் பரவியது, பக்கத்துச் சின்னத்துக்குக் கசிவதும் நின்றது. கறுப்பு மையை மட்டும் இரண்டு முறை அடிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை அடித்தால் ஊசித்துளை விழுந்து, இருட்டில் நட்சத்திரம்போல் மின்னும்.

அழகு என்று பார்த்தால் எஸ்எஸ் தகடுதான் முதலிடம். ஓர் அடி தூரத்திலிருந்து நல்ல கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது ஏறத்தாழ 0.09 மி.மீ. வரைதான். துளை அதைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால் வெறும் உலோகமாகத்தான் தெரியும், விளக்கு எரிந்ததும் உலோகத்துக்குள்ளிருந்தே வெளிச்சம் வருவதுபோல் இருக்கும். ஆப்பிள் 2008 மேக்புக் ப்ரோவில் உறக்க விளக்கை அலுமினியத்தில் இப்படித்தான் ஒளித்து வைத்தது. பார்த்தவர்களுக்கு அந்த மயக்கம் மறக்காது, எனக்கும் மறக்கவில்லை. ஆனால் தகட்டில் நான் செய்தது ஒரே ஒரு மாதிரி. ஆயிரக்கணக்கில் செய்து, துளைக்குள் தெளிவான பசை நிரப்பி மூடுபவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். இன்னொன்று, தொடு பட்டன் வேண்டுமென்றால் உலோகத்தின் வழியே சாதாரண கெப்பாசிட்டிவ் டச் (போன் திரைபோல் விரல் பட்டாலே உணர்வது) வேலை செய்யாது.

இனி, முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது துடைப்பது. எங்கள் பெட்டி மோட்டார் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, வராந்தாவில் இருக்கும். போர்த்தண்ணீர் தெறிக்கும், உப்புப் படியும். ஆயுத பூஜை அன்று மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் கை பெட்டிக்கும் வைக்கும். வைக்கத்தான் வேண்டும், வீட்டுக்குத் தண்ணீர் தரும் பொருள் அது. மூன்று நாள் கழித்து அதே வீட்டில் ஸ்க்ரப்பரும் சபீனாவும் கொண்டு அழுத்தித் தேய்ப்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தால், தெறித்த பெயிண்ட் மேல் தின்னர் துணியும் வரும். முகப்பு இதையெல்லாம் தாங்க வேண்டும்.

அதனால் மூன்று மாதிரிகளையும் பட்டறை வாசலில் மாட்டி ஓர் ஆயுத பூஜையைத் தாண்ட விட்டேன். தகட்டில் சந்தனம் நுண்துளைகளில் இறங்கி உலர்ந்துவிட்டது. பிரஷ் போட்டும் முழுதாக வரவில்லை, எரிந்தபோது தொட்டிப் படத்தில் ஒரு மூலை இல்லை. அக்ரிலிக் தேய்த்த இடத்தில் வெள்ளைப் பூச்சாகக் கீறல் விழுந்து, பின்னால் ஒளி வந்ததும் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக மின்னியது. தின்னர் பட்ட ஓரத்தில் மெல்லிய வெடிப்பு ஓடியது. அக்ரிலிக்குக்கு இது இயல்பு, அதிலும் திருகு போட்டு இறுக்கிய இடம் சீக்கிரம் வெடிக்கும். மேலே சொரசொரப்புப் பூச்சு உள்ள பாலியெஸ்டர் ஃபிலிமில் லேசான பளபளப்பு மட்டும் வந்தது. மை பின்பக்கம் இருப்பதால் எதுவும் அழியவில்லை. பாலிகார்பனேட் ஃபிலிமும் உண்டு, அதில் அச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் தின்னருக்கு அது தாங்காது.

ஃபிலிம் கெட்டாலும் கவலையில்லை. ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்து, புதிதை ஒட்டினால் பத்து நிமிடம். இதற்கு ஒட்டுப்பசை முக்கியம். பெட்டியின் பவுடர் கோட்டிங் (பொடியைச் சூட்டில் உருக்கிப் பூசிய வண்ணம்) மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும். அதற்கு த்ரீ எம் 467-ஐவிட 468 பசை பொருத்தம். முந்தையது 0.05 மி.மீ. அளவு, பிந்தையது 0.13 மி.மீ. தடிமன், பள்ளத்தை நிரப்பும். பழைய பசையைத் துடைக்காமல் மேலே ஒட்டினால் ஆறு மாதத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

ஃபிலிமின் கீழே அழுத்துகிற பட்டனையே வைக்க முடிவதும் எனக்குப் பெரிய வசதி. மோட்டார் பட்டனை அழுத்துபவரின் கை பெரும்பாலும் ஈரம். அக்ரிலிக்கில் வைத்த டச், தண்ணீர் வழிந்தாலே தானாக ஆன் ஆனது.

ஃபிலிமுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது வெயில். சித்திரை மாதப் பிற்பகலில் மேற்குப் பார்த்த சுவரில் நேரடி வெயில் விழுந்தால் பச்சைச் சின்னம் மங்கித்தான் தெரிகிறது. மையை இன்னும் வெளிறச் செய்தால் தெரியும், ஆனால் அணைந்திருக்கும்போதும் சின்னம் தெரிந்துவிடும். கரண்ட்டைக் கூட்டினால் பெட்டிக்குள் சூடு ஏறுகிறது. கடைசியில் முகப்புக்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தகரக் கூரை வைத்தோம். வில்லாபுரத்தில் மாட்டிய முப்பது பெட்டிகள் அதோடுதான் இருக்கின்றன. அவை பார்த்தது ஒரே ஒரு கோடை. ஐந்து கோடை தாண்டிய பிறகு புகை மை எவ்வளவு வெளிறும் என்பதை அந்தச் சுவர்களில்தான் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பெட்டியின் உள்ளேயும் ஓர் உபரி ஃபிலிமைக் கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறோம்.