ஓசிஐ அட்டையா, இரட்டைக் குடியுரிமையா?
டொராண்டோவின் ஸ்கார்பரோவில் கனடியப் பாஸ்போர்ட் எடுத்த இரண்டு தமிழர்கள், ஒருவர் மதுரைக்காரர், இன்னொருவர் யாழ்ப்பாணத்தவர், சந்தித்தால், பேச்சு சீக்கிரமே ஊர் நிலத்துக்கு வந்துவிடும்.

மதுரைக்காரருக்குக் கிடைப்பது ஓசிஐ (Overseas Citizen of India, ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’) அட்டை மட்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பெயரில்தான் குடியுரிமை, உண்மையில் அது ஆயுட்கால விசா. வீடு, ஃபிளாட் வாங்கலாம். வயல் வாங்க முடியாது. அப்பா விட்டுப்போனால் வைத்துக்கொள்ளலாம். ஓட்டு கிடையாது.

யாழ்ப்பாணத்தவர் இரட்டைக் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் இலங்கைப் பாஸ்போர்ட், வாக்குரிமை, காணி வாங்கும் உரிமை எல்லாம் உண்டு. ஆனால் 2022இல் வந்த அரசியலமைப்பின் 21ஆவது திருத்தத்தால் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. (நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஆசை?)

திரும்பிப்போய் வாழ நினைப்பவருக்கு இலங்கை ஏற்பாடே மேல். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போய்வர ஓசிஐ தாராளம்.