ரிட்டயர் ஆனவர்களுக்கு லால்பாக்

ரிட்டயர் ஆன முதல் நாலு மாதம், காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடும், கிளம்பிப் போக ஆபீஸ் இல்லாமல் சமையலறையில் போய் நின்று மனைவிக்குத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பெங்களூரு லால்பாக். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இன்று 240 ஏக்கர். தினமும் நடந்தாலும் சலிக்காது. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது, அதன்மேல் உட்கார்ந்து வெயில் ஏறுவதைப் பார்த்தால் மனசு அடங்கிவிடுகிறது. ஏரிக்கரையில் நாலு பேர் பழக்கமாகியிருக்கிறார்கள், ஒரு நாள் போகாவிட்டால் "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று போன் வரும், வேலையை விட்டபின் நான் தேடியது இதைத்தான். மெட்ரோ பக்கத்திலேயே. ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் காட்சி நாட்களில் கூட்டம் நெரியும், விடிந்ததுமே போய்விடுங்கள். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், பிடிப்புள்ள ஷூ அவசியம்.