நேரில் சொல்வதா, ஊழியரை அழைப்பதா?

திரையரங்கில் முன்வரிசைக்காரர் கைப்பேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு செய்தி தட்டும்போது, பின்னால் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: குனிந்து நேரில் சொல்லலாம், அல்லது எழுந்து போய் ஊழியரை அழைத்து வரலாம்.

நேரில் சொல்வதன் பெரிய பலம் வேகம். இருளுக்குப் பழகிய கண்ணுக்குச் சிறு வெளிச்சமும் பெரிதாகத் தெரியும் என்பதால், ஒளியைக் குறைத்து வைத்த கைப்பேசிகூடப் பல வரிசைகளுக்குப் பின்னால் இருப்பவரின் கண்ணை உறுத்தும். கையில் வைத்திருப்பவருக்கோ அது தெரிவதே இல்லை. பலரும் அறியாமல்தான் செய்கிறார்கள் என்பது என் கணிப்பு. “வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, கொஞ்சம் அணைத்துவிடுகிறீர்களா?” என்று காதருகே மெதுவாகக் கேட்டால், சட்டென்று கவிழ்த்து மடியில் வைத்துவிடுவார்கள். ‘உஷ்’ என்று அதட்டுவது மட்டும் கூடாது. அது வரிசை முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்து, அதட்டியவரையே இடைஞ்சல்காரர் ஆக்கிவிடும். (பாப்கார்ன் டப்பாவின் அடியைச் சுரண்டுபவரிடம் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை, டப்பா எப்படியும் காலியாகிவிடும்.)

ஊழியரைத் தேடிப் போனால் சில காட்சிகள் கைநழுவும். டார்ச் ஒளியோடு அவர் வருவதற்குள், உரியவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆயினும் குடித்துவிட்டுச் சத்தம் போடுபவர், இருக்கையை உதைத்துக்கொண்டே இருப்பவர், ஒருமுறை சொன்னதற்கு முறைத்தவர் ஆகியோரிடம் இதுவே சரியான வழி. ஒருவரை வெளியேறச் சொல்லும் அதிகாரம் அரங்க நிர்வாகத்துக்குத்தான் உண்டே தவிர, நம்மைப்போல் சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இல்லை.