மறுபதிப்பில் படத்தைத் தொடலாமா? மூன்று வழிகளும் என் சாய்வும்

என் சித்திரக்கதையின் 23-ஆம் பக்கத்தில் விரலை ஊன்றி, "தம்பி, 1918-இல் மைக் ஏது?" என்று கேட்டார் பெரம்பூர்ப் பெரியவர் ஒருவர். 1996-இல் மூடப்பட்ட பி அண்ட் சி துணி ஆலையில் தறி ஓட்டியவர். நான் வரைந்திருந்தது, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாட்களின் பொதுக்கூட்டம் ஒன்றை. மேடையில் பேசுகிறவரின் வாய்க்கு முன்னால் கொழுகொழுவென்று ஒரு மைக். திரு.வி.க. பேசிய காலத்தில் தொண்டைதான் ஒலிபெருக்கி என்பது வரையும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

64 பக்கம், கறுப்பு வெள்ளை, 500 படிகள். 2016-இல் அச்சிட்டது எட்டு வருடத்தில் ஒருவழியாகத் தீர்ந்தது. மறுபதிப்புக்கு உட்கார்ந்தபோது மூன்று வழிகள் இருந்தன: அப்படியே அச்சிடுவது, தவறான இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது, முழுவதையும் புதிதாக வரைவது. நான் ஒட்டுப் போட்டேன். ஆகவே நடுநிலையான அலசலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியே விடுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செலவு கிடையாது, வேலை கிடையாது, பழைய படி வைத்திருப்பவருக்கு மனத்தாங்கலும் கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஒரு திருத்தக் குறிப்பு போட்டால் போதும். வரைந்தவர் காலமாகிவிட்ட படைப்புக்கு இதுதான் முறை என்றே நினைக்கிறேன். ஆனால் நான் உயிரோடு இருக்கிறேன். தவறு என்று தெரிந்த பிறகும் அதைக் காசு கொடுத்து இன்னொரு முறை அச்சிட்டு, பின்னால் போய் மன்னிப்புக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. அதிலும் படக்கதையில் பின்குறிப்பை யார் படிக்கிறார்கள்? மைக் கண்ணில் பதியும், குறிப்பு பதியாது.

முழுவதும் மறுபடி வரைவதற்குப் பெரிய முன்னோடி, டின்டின் சித்திரக்கதைகளைப் படைத்த பெல்ஜியர் ஹெர்ஜே. பிரிட்டனில் நடக்கும் 'தி பிளாக் ஐலண்ட்' 1937-38-இல் தொடராக வந்து, 1943-இல் வண்ணம் பெற்றது. 1960-களில் ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவர முனைந்த பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் 131 பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பினார்கள். ஹெர்ஜே தன் உதவியாளர் பாப் டி மூரை நேரில் அனுப்பி, ரயில், சீருடை, கட்டடம் எல்லாவற்றையும் குறிப்பெடுக்க வைத்தார். 1966-இல் வந்த புத்தகம் முழுக்கப் புதிது. விவரங்களில் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் பழைய பதிப்பின் ஓட்டம் இதில் இல்லை என்று முணுமுணுக்கிற ரசிகர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

அதைவிட எனக்கு உறுத்துவது, அன்றைய பெல்ஜியக் காலனிக்கு டின்டின் போகிற காங்கோ கதை. 1946-இல் அதையும் மறுபடி வரைந்தார். வகுப்பறையில் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு 'உங்கள் தாய்நாடு பெல்ஜியம்' என்று நடந்த பாடம் கணக்குப் பாடமாக மாறியது. அந்தப் பிள்ளைகளின் முகங்களைக் கேலிச்சித்திரமாக்கிய கோடுகள் மட்டும் அப்படியே நின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் கை திரும்பத் தொட்டிருக்கிறது, கண் தொடவில்லை. முழுவதும் வரைந்தால் முழுவதும் திருந்திவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

நானும் முயலாமல் இல்லை. ஆறு பக்கம் புதிதாக வரைந்தேன். ஆலைப் புகைபோக்கி இப்போது செங்குத்தாக நின்றது; முன்பு சற்றே சாய்ந்திருக்கும். கூட்டத்தில் நிற்கும் முகங்கள் அழகாகிவிட்டன, ஆனால் அழகான முகங்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருந்தன. 2016-இல் அவசரத்தில் கிறுக்கியவற்றில் ஆளுக்கொரு பசி இருந்தது. ஆறோடு நிறுத்திவிட்டேன். 64 பக்கமும் வரைந்து முடித்த ஒருவர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். ஆறு பக்க அனுபவத்துக்கு மேல் இதில் எனக்கு வாய் இல்லை.

இனி ஒட்டு. மைக்கை அழிப்பது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். அழித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கட்டமே மைக்கின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பது. பேச்சாளரின் வலது கை எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் தொங்கியது. நடுவில் பெரிய வெள்ளைப் பள்ளம். அந்தக் கையை மடக்கி, வாயருகே குவித்து, கூவுகிற பாவனையில் வைத்தேன். கழுத்து நரம்புக்கு இரண்டு கோடு. பழையதைவிடக் கட்டம் மேலாகிவிட்டது; தவறு தந்த கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் இன்னொரு தவறும் இருந்தது. தங்கசாலைப் பக்கம் முப்பது வருடம் அச்சுக் கோத்தவர் ஒருவர் அதைப் பிடித்தார். பதாகையில் 'சென்னை' என்று எழுதியிருந்தேன், இன்று நாம் எழுதுகிற னை. "1978-இல் அரசாணை வந்த பிறகுதான் தம்பி இந்த னை. அதற்கு முன்னால் துதிக்கை வைத்த னைதான்" என்று கை விரலால் மேசையில் எழுதிக் காட்டினார். ஓர் எழுத்து. ஒட்டுப் போட ஐந்து நிமிடம்.

படத்தில் ஒட்டு இவ்வளவுதான். வழி எது என்பதைத் தீர்மானிப்பது படம் இல்லை. பலூனுக்குள், அதாவது பாத்திரங்களின் பேச்சு அடங்கிய கூட்டுக்குள் இருக்கும் எழுத்து, படத்தோடு ஒரே தாளில் இருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்பதுதான். இதைச் சற்று இழுத்துத்தான் சொல்ல வேண்டும்.

வியாசர்பாடி வாசகி ஒருவர் என்னைக் கேட்டார்: "உங்கள் கதையில் தலைவர்கள் ஏட்டுத் தமிழ் பேசுகிறார்கள். ஆலைத் தொழிலாளியின் மனைவி மட்டும் ஏன் கொச்சையாகப் பேசுகிறாள்? எங்கள் வாய் உங்களுக்கு வேடிக்கையா?" பதில் சொல்ல முடியவில்லை. ஒன்பது பலூன்களை மாற்றியாக வேண்டும். எல்லோருக்கும் பேச்சுத் தமிழ் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பலூன்கள் மாறும். அவளுக்கும் மற்றவர்களுக்கு உள்ள தமிழைக் கொடுத்தால் ஒன்பதோடு போகும். இரண்டாவதைச் செய்தேன். சோம்பலும் அதில் கொஞ்சம் உண்டு.

பேச்சுத் தமிழ் சுருக்கமானது. எழுத்துத் தமிழுக்கு இடம் வேண்டும். இரண்டு வரியில் அடங்கிய பேச்சு மூன்றரை வரியானது. தமிழ்ச் சொற்களை நினைத்த இடத்தில் உடைக்கவும் முடியாது. 'தொழிற்சங்கத்துக்காரர்களுக்கு' என்ற ஒரு சொல்லே பலூனை நிரப்பிவிடும். பலூனைப் பெரிதாக்கினால் பின்னால் இருக்கும் படம் மறைகிறது. 2016-இல் நான் எழுத்தையும் படத்தோடு அதே தாளில், அதே மையில் எழுதியிருந்தேன். பலூனைத் தொட்டால் படத்தையும் தொட்டதாகும். எழுத்தைக் கணினியில் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் தனி அடுக்காக வைத்திருந்தால் ஒரு மாலை வேலை. எனக்கு மூன்று வாரம் போயிற்று.

அந்த மூன்று வாரத்திலும் ஒரு மண்டைக்குடைச்சல். புதிய எழுத்தைத் தனித்தாளில் எழுதி, கையில் இருந்த ஸ்கேனரில் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சாம்பல் நிறப் படமாக ஸ்கேன் செய்து ஒட்டினேன். திரையில் வித்தியாசமே தெரியவில்லை. அச்சகத்திலிருந்து புரூஃப் (சரிபார்ப்புப் படி) வந்ததும் அந்த ஒன்பது பலூன்கள் மட்டும் பனிமூட்டத்தில் இருந்தன. பழைய பக்கங்கள் 1200 டிபிஐ-யில் வெறும் கறுப்பு-வெள்ளைக் கோட்டுப் படங்கள். அவற்றின் ஓரம் கத்திபோல் விழும். சாம்பல் நிறப் படம் அச்சில் புள்ளிகளாக உடையும், ஓரம் மங்கும். ஒட்டு எப்போதும் மூலத்தின் வகையிலேயே, மூலத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். இது தெரியாமல்தான் பலர் "ஒட்டு அசிங்கமாகத் தெரியும்" என்று சொல்லி முழுவதையும் மறுபடி வரையக் கிளம்புகிறார்கள் என்று சந்தேகிக்கிறேன்.

பழைய பேனா நிப்பைத் தேடி எடுத்ததும் உதவியது. இன்றைய தூரிகைப் பேனாவில் போட்ட கோடு பழைய கோட்டுக்குப் பக்கத்தில் சம்பந்தியைப் போல விறைத்துக்கொண்டு நிற்கும்.

பக்க எண்ணிக்கையை மட்டும் கூட்டாதீர்கள். பதினாறு பதினாறு பக்கமாக ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பாரம் நான்காகப் போகிற புத்தகத்தில் ஒரு பக்கம் நுழைந்தால் செலவு ஒருபுறம். பக்கம் திருப்பியதும் திடுக்கிட வேண்டிய படம் எதிர்ப் பக்கத்துக்கு வந்து முன்கூட்டியே பல்லைக் காட்டும்.

வண்ணப் புத்தகத்துக்கு இதெல்லாம் பொருந்துமா என்றால், என் கை வண்ணத்தில் பழகியதில்லை. 1988-இல் ஜான் ஹிக்கின்ஸ் வண்ணத்தில் வந்த 'தி கில்லிங் ஜோக்' பேட்மேன் கதைக்கு, அதை வரைந்த பிரையன் பொலாண்டே 2008-இல் தன் விருப்பப்படி புது வண்ணம் கொடுத்தார். கோடு கிட்டத்தட்ட அதேதான், கதையின் வெப்பமே மாறிவிட்டது. அது ஒட்டா, மறுபடைப்பா என்று எந்தக் கட்டத்தில் போடுவது?

இப்போது என் கணினியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று லேயர்: அடியில் 2016-இன் பக்கம் தொடப்படாமல், அதன் மேல் ஒட்டு, அதற்கும் மேல் எழுத்து. கண்ணை மூடித் திறப்பதற்குள் மைக்கைத் திரும்பக் கொண்டுவரலாம். இரண்டாம் பதிப்பு என்பதை முன்பக்கத்தில் அச்சிட்டு, மாற்றிய பக்கங்களின் எண்களையும் கொடுத்திருக்கிறேன். பெரம்பூர்ப் பெரியவர் புதிய 23-ஆம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, "பழைய புத்தகத்தையும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?" என்று கேட்டு, இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார்.