மெயிலுக்குள்ளேயே வீடியோ ஓடும் என்று சொல்லி வருகிறார்கள், கவனம்: நெல்லைச் சிறு வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று நம் பக்கத்தில் கைத்தொழில் சரக்கை வெளியூருக்கு அனுப்பிப் பிழைக்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பளம், கைத்தறிச் சேலை, காருகுறிச்சி மண்பாண்டம், எதை விற்றாலும் சரி. "மாதம் ஒரு மெயில் போட்டுத் தருகிறோம், வாடிக்கையாளர் திறந்ததும் உள்ளேயே வீடியோ ஓடும்" என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். எங்களிடம் 45,000 ரூபாய் வாங்கினார்கள். அந்தப் பணத்தைவிடப் பெரிய சேதம் ஒன்றையும் செய்துவிட்டுப் போனார்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

நாங்கள் பத்தமடைப் பாய் விற்கிறோம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் சிங்கப்பூர், மலேசியா, துபாய், பெங்களூர் என்று இருக்கிற நம் ஊர்க்காரர்கள். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் பெண், மாப்பிள்ளை பெயர் போட்ட பாய் கேட்பார்கள். கோரையை வெட்டிக் கீறி, காயவைத்து, ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, பருத்தி நூல் பாவில் நெய்து எடுக்க வேண்டும். மெல்லிய பட்டுப்பாய் என்றால் இன்னும் தாமதமாகும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே ஆர்டர் வந்தால்தான் தறியில் ஏற்ற முடியும். அதனால்தான் வருடக்கணக்காகச் சேர்ந்த முகவரிகளுக்கு மாதம் ஒரு மெயில் போட்டுக்கொண்டிருந்தோம். நாலு படம், விலை, எப்போதுக்குள் சொல்ல வேண்டும் என்ற விவரம், அவ்வளவுதான். அந்த மெயிலுக்கு ஆர்டர் வந்துகொண்டும் இருந்தது.

அந்த ஏஜென்சியிலிருந்து வந்தவர் நன்றாகப் பேசினார். "அண்ணாச்சி, படத்தை யார் பார்க்கா இப்போ? பாய் நெய்யுததை வீடியோவா எடுத்து மெயில்லயே ஓட விட்டுருவோம். லிங்க்கெல்லாம் அமுக்க வேண்டாம், திறந்ததும் தானா ஓடும்" என்றார். தன் ஐபோனை எடுத்து ஒரு மெயிலைத் திறந்து காட்டினார். அதில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியின் வீடியோ உண்மையிலேயே உள்ளுக்குள்ளேயே ஓடியது. பார்த்தவர் யாரும் நம்பத்தான் செய்வார்கள். பாதிப் பணம் முன்பணம், மீதி வீடியோ எடுத்ததும் என்று பேச்சு.

வீடியோவைக் குறை சொல்ல மாட்டேன். கேமரா பிடித்த பையன் விடியற்காலையிலேயே ஆற்றங்கரைக்கு வந்து, கோரை ஊறுவதிலிருந்து பெயர் விழுவது வரைக்கும் அழகாக எடுத்தான். நெய்கிற பெரியம்மா ஒருவர் கோரையைப் பல்லில் கடித்துப் பதம் பார்க்கிற இடம் எனக்கு இப்போதும் பிடிக்கும். பிரச்சினை முழுவதும் அதற்கப்புறம்தான்.

மெயில் போன அன்றைக்குச் சாயங்காலமே சிங்கப்பூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, என்ன அனுப்பியிருக்கீங்க? மேல கடைப் பேரு இருக்கு, கீழ போன் நம்பர் இருக்கு, நடுவுல வெள்ளையா கிடக்கே" என்றார். என் ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயிலைத் திறந்து பார்த்தேன், எனக்கும் வெள்ளைதான். ஏஜென்சியில் கேட்டால், "அவங்க நெட் ஸ்லோவா இருக்கும் அண்ணாச்சி" என்றார்கள். அடுத்தடுத்து அதே புகார்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிற என் அக்கா மகனுக்கு மெயிலை அனுப்பி வைத்தேன். அவன் சொன்னதைத்தான் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெயிலுக்குள் வீடியோ ஓடுவது ஐபோன், மேக் கணினி இவற்றில் இருக்கிற ஆப்பிளின் சொந்த மெயில் செயலி போன்ற சிலவற்றில்தான். ஜிமெயில் அந்த வீடியோக் குறியீட்டை ஏற்பதில்லை. விண்டோஸ் கணினியில் நிறுவிப் பயன்படுத்துகிற பழைய அவுட்லுக்கும் ஓட்டாது. 2007 பதிப்பிலிருந்து அது மெயிலைக் காட்டுவதற்கு வேர்டு மென்பொருளின் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது, அதற்கு வீடியோ தெரியாது. யூடியூபிலிருந்து எடுத்து உள்ளே ஒட்டுகிற வீடியோப் பெட்டியும் மெயிலில் நிற்காது. முன்பின் தெரியாதவர் அனுப்புகிற மெயிலுக்குள் எந்த நிரலும் தானாக ஓடக் கூடாது என்று பாதுகாப்புக்காக மெயில் சேவைகள் அவற்றை வெட்டிவிடுகின்றன. "மாமா, அவர் ஐபோன்ல காட்டினதுல பொய் இல்லை. ஆனா உங்க வாடிக்கையாளர்கள்ல முக்கால்வாசி ஜிமெயில். அவங்களுக்கு ஓடாதுன்னு இந்த வேலை செய்யுத யாருக்கும் தெரியாம இருக்காது" என்றான்.

இன்னொன்றும் சொன்னான். வீடியோ ஓடாத இடத்தில் அதற்குப் பதிலாக ஒரு படமும் லிங்க்கும் தெரிகிற மாதிரி எழுத வழி இருக்கிறது. ஒழுங்கான ஆள் அதைச் செய்யாமல் மெயிலை அனுப்பவே மாட்டார். இவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. அதனால்தான் நடுவில் வெள்ளை.

இதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "சரி பண்ணித் தாரோம்" என்று ஆரம்பித்தார்கள். வீடியோவை அப்படியே மெயிலோடு இணைப்பாக (அட்டாச்மென்ட்) கோத்து அனுப்பினார்கள். ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரைதான் இடம், பல அலுவலக மெயில்களில் அதுவும் கிடையாது. ஒரு கட்டு மெயில் திரும்பி வந்தது. பிறகு வீடியோவை ஜிஃப் என்கிற அசையும் படமாக்கி அனுப்பினார்கள். சின்னதாக இருந்தால் அது நல்ல வழிதான். இவர்கள் நீளமாக வைத்ததில் போனில் திறக்கவே திணறியது. அவுட்லுக்கின் சில பழைய பதிப்புகள் ஜிஃப்பில் முதல் படத்தை மட்டும்தான் அசையாமல் காட்டும். எங்கள் வீடியோ இருட்டிலிருந்து மெல்ல வெளிச்சமாகிற மாதிரி தொடங்குகிறது. அதனால் அந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஒரு கறுப்புக் கட்டம்தான் போய்ச் சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பாய் கேட்கிறவர்களுக்குக் கறுப்புக் கட்டம்!

இதற்கு நடுவில் அவர்கள் தந்த அறிக்கையில், மெயில் போனவர்களில் பாதிக்கு மேல் திறந்து பார்த்ததாகப் போட்டிருந்தது. அந்தக் கணக்கையும் நம்பாதீர்கள். மெயிலில் ஒளிந்திருக்கிற ஒரு சின்னப் படம் தரவிறங்கினால் அதைத் 'திறந்தார்' என்று எண்ணுவார்கள். 2021ல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில், தனியுரிமைப் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைத்துவிடுகிறது. அந்த எண் ஏறுவதற்கு வாடிக்கையாளர் மெயிலைத் தொட வேண்டியதே இல்லை. எத்தனை பேர் லிங்க்கை அமுக்கிப் பக்கத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை ஆர்டர் விழுந்தது, இதைக் கேளுங்கள். எங்களுக்கு அந்த மாதம் மெயில் மூலமாக ஆர்டரே விழவில்லை.

இதோடு நின்றிருந்தால் பணம் போனது என்று விட்டிருப்பேன். எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்பதற்காக, எங்களிடம் கேட்காமலே எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு எங்கள் கடை மெயிலிலிருந்து மொத்தமாக அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேர். பத்தமடை எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆட்கள். 'இனி அனுப்பாதே' என்று சொல்வதற்கான லிங்க்கூட அதில் இல்லை. அவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்பேம், அதாவது வேண்டாத குப்பை மெயில் என்று அமுக்கினார்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கடுமையாகிவிட்டன. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்கிற அடையாளச் சான்றுகளைத் தன் டொமைனில் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பிறகு வருகிற பெயர்) பதிந்திருக்க வேண்டும், ஒரே அமுக்கில் விலகுகிற வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர் புகார் செய்தாலே ஆபத்து. அளவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். இவர்கள் எதையும் செய்யவில்லை. கடைப் பெயரைச் சொல்லி எவனோ ஊரெல்லாம் கடன் வாங்கினால் கடைக்காரனுக்குச் சரக்குக் கிடைக்காமல் போகுமே, அப்படி ஆனது எங்கள் டொமைன்.

விளம்பர மெயிலோடு போகவில்லை பாதிப்பு. ஆர்டர் கொடுத்தவருக்குப் பெயர் எழுத்து சரிதானா என்று கேட்டு அனுப்புகிற மெயிலும் அதே டொமைனிலிருந்துதான் போகிறது. அதுவும் ஸ்பேம் பெட்டியில் விழுந்தது. பெயர் உறுதியாகாமல் நெய்ய ஆரம்பிக்க முடியாது. தறியில் பாவு ஏற்றிவைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தோம். நெய்கிற பெண்களுக்குப் பாய்க்கு இவ்வளவு என்றுதான் கூலி, தறி நின்றால் வீட்டில் அடுப்புக்கே இடிக்கும். துபாயில் இருக்கிற ஒரு தகப்பனார், மகள் கல்யாணத்துக்குக் கேட்ட பாய் நேரத்துக்கு வராமல், கடையில் கிடைத்த சாதாரணப் பாயை வைத்து முடித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "பரவாயில்லை தம்பி" என்றார்.

கணக்கை எங்கள் கைக்கு மாற்றுங்கள் என்றால் அதற்கும் இழுத்தடித்தார்கள். மெயில் அனுப்புகிற சேவையின் கணக்கு அவர்கள் பெயரில், வாடிக்கையாளர் பட்டியல் அதற்குள்ளே, வேலைக்கென்று வாங்கிப்போன டொமைன் கடவுச்சொல்லையும் அவர்கள் மாற்றிவைத்திருந்தார்கள். திருப்பித் தர 'டிரான்ஸ்ஃபர் சார்ஜ்' கேட்டார்கள். நோட்டீஸ் போன பிறகுதான் கடவுச்சொல் வந்தது. பட்டியலைப் பழைய ஆர்டர் நோட்டுகளிலிருந்து வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து திரும்ப எழுதினோம். டொமைனும் சேவைக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். ஏஜென்சிக்குப் பணியாளர் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், வேண்டாமென்றால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது அக்கா மகன் செய்து தந்திருப்பது இதுதான். வீடியோவிலேயே நல்ல ஒரு காட்சியைப் படமாக எடுத்து, நடுவில் முக்கோணப் பொத்தான் வரைந்து மெயிலில் வைத்திருக்கிறோம். அமுக்கினால் எங்கள் தளத்தின் பக்கம் திறக்கும். அங்கே வீடியோ, கீழேயே விலை, வாட்ஸ்அப் எண். படம் தெரியாதவர்களுக்காக 'பாய் நெய்யும் வீடியோ, இங்கே பாருங்கள்' என்று அதற்கு மாற்று வரியும் உண்டு. ஜிமெயிலில் மெயிலின் குறியீடு 102 கேபிக்கு மேல் போனால் மீதியை மறைத்துவிடும் என்பதால் மெயில் சுருக்கம். அசைய வேண்டும் என்று ஆசைப்பட்டால் மூன்று நாலு நொடி ஜிஃப் போதும், அதன் முதல் படத்திலேயே சரக்கு தெரிய வேண்டும். பேருந்தில் சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்காக வீடியோவில் தமிழ் எழுத்தும் ஓடுகிறது. இதற்கெல்லாம் ஆன செலவு, நாங்கள் இழந்ததில் சிறு பங்குகூட இல்லை.

யாராவது உங்களிடம் வந்து மெயிலில் வீடியோ ஓடுவதைத் தன் போனில் காட்டினால், அங்கேயே உங்கள் ஜிமெயிலுக்கு அதே மெயிலை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் திறந்து பாருங்கள். ஓடவில்லை என்றால் பேச்சை அத்தோடு முடியுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பப் போகிறோம் என்று எழுத்தில் வாங்குங்கள், உங்கள் பட்டியல் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மதிப்பீடுதான் வந்தது, பில் இன்னும் வரவில்லை. வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கஷ்டம் என்று வக்கீல் சொல்கிறார். அதனால் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம் என்று போகிறோம். வங்கியில் பணம் போன பதிவும், வாட்ஸ்அப் பேச்சும், அந்த வெள்ளை மெயிலும் அழிக்காமல் இருந்தது இப்போது உதவுகிறது.

உங்கள் டொமைனுக்கும் இப்படி ஆகியிருந்தால், முதலில் மொத்தமாக அனுப்புவதை நிறுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவு செய்யுங்கள். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம், ஓரளவு நிறைய மெயில் போகிறவர்களுக்கு ஸ்பேம் புகார் விகிதம் அதில் தெரியும். அப்புறம் அண்மையில் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். விளம்பர மெயிலுக்குத் துணை டொமைன் ஒன்றைத் தனியாக வைத்துவிட்டால் ஆர்டர் மெயில் அடிபடுவது குறையும். எங்களுக்கு மெயில் உள்பெட்டிக்குத் திரும்பப் பல வாரம் ஆனது, சிலருக்கு இன்னும் போன் செய்துதான் சொல்கிறோம்.

பணம் திரும்பவில்லை. நோட்டீஸுக்குப் பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன். இதே ஆட்களிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.