பல்லேடியம்-கார்பன்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

மருந்து இடைப்பொருள் செய்யும் ஆய்வகத்தில் வேலை. ஆறு வருடமாக சுசுகி வினைக்கு (ஹாலஜன் ஒட்டிய அரோமாட்டிக் வளையமான அரைல் ஹாலைடைப் போரானிக் அமிலத்தோடு இணைக்கும் வினை) நான் அதிகம் எடுப்பது 10 சதவீதப் பல்லேடியம்-கார்பன்தான், அதாவது கார்பன் தூள் மேல் பல்லேடியம் படிந்த வினையூக்கி, ஈரமான வகை. லிகண்ட் (உலோகத்தோடு பிணையும் துணை மூலக்கூறு) வேண்டாம், வடிகட்டினால் போதும், திரும்பவும் போடலாம் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். முதல் இரண்டும் பெரும்பாலும் சரி. மூன்றாவதை நம்பி ஏமாந்தேன்.

நான்காவது முறை அதே தூளைப் போட்டபோது, இரண்டு மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த வினை ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லை. தூள் எடை ஏறத்தாழ அப்படியே இருந்தது. உலோகம் இருந்த விதம்தான் மாறியிருந்தது.

கார்பன் மேல் உட்கார்ந்திருக்கும் பல்லேடியம் அங்கேயே இருந்து வேலை செய்வதில்லை. அரைல் ஹாலைடு வந்து மோதும்போது மேற்பரப்பு அணுவைப் பிடித்துக்கொண்டு கரைசலுக்குள் இறக்கிவிடுகிறது. வினையின் பெரும்பகுதியை நடத்துவது இப்படிக் கரைந்த உலோகம்தான். ஹாலைடு தீர்ந்ததும் அது திரும்பக் கார்பனில் படிகிறது, ஆனால் முன்பு இருந்த நுண்துகளாக அல்ல, பெரிய துகளாக. மியூனிக்கில் கிளவுஸ் கோலர் குழு 2002-இல், பல்லேடியத்தால் நடக்கும் இன்னொரு இணைப்பு வினையான ஹெக் வினையில் இதை விரிவாகக் காட்டியது. அதைப் படித்த பிறகுதான் என் நான்காவது முறை எனக்குப் புரிந்தது.

அதிலிருந்து என் பழக்கம் ஒன்று மாறியது. முன்பெல்லாம் வினை எவ்வளவு நடந்தது என்று பார்க்கும் டிஎல்சி தகட்டில் ஹாலைடின் புள்ளி மறையத் தொடங்கியதுமே அவசரமாக வடிகட்டுவேன். உலோகம் இன்னும் கரைசலில் இருக்கும் நேரம் அது; வடிநீர் பழுப்பாக வரும். இப்போது போரானிக் அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, ஹாலைடு முழுக்கத் தீர்ந்த பிறகும் சூட்டிலேயே ஒரு மணி நேரம் விட்டு, ஆறவைத்து, செலைட் என்ற வடிகட்டும் தூள் வழியாக வடிக்கிறேன். வடிநீர் தெளிவாக வருகிறது, மிச்ச உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி காட்டும் எண்ணும் இறங்குகிறது. டிஎம்எஃப், என்எம்பி போன்ற கரைப்பான்களிலும் ஹாலைடுகளில் அயோடைடுகளிலும் கசிவு (உலோகம் கரைசலுக்குள் இறங்குவது) அதிகம்; முடிந்தால் புரோமைடும் நீர் கலந்த எத்தனாலும் போதும்.

சூட்டில் வடிகட்டிப் பார்க்கும் சோதனை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாதி வினையில் சூடாக வடித்து, வடிநீரில் வினை தொடர்ந்தால் கசிவு நிச்சயம். தொடராவிட்டால் கசிவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வடிக்கும் அந்தச் சில நொடிகளிலேயே உலோகம் திரும்பப் படிந்துவிடலாம்.

இன்னொன்று, காந்தக் கிளறித்துண்டு. வினையூக்கியே போடாத ஒப்பீட்டு வினையில் ஒருமுறை எனக்கு விளைபொருள் வந்துவிட்டது. ஒரு வாரம் குழம்பினேன். பழைய துண்டின் கீறல்களில் பல்லேடியம் ஒட்டியிருந்தது. புதுத் துண்டு போட்டதும் வினை நின்றது. வேதியியலாளர் நிக்கோலஸ் லெட்பீட்டர் 2003-இல் உலோகமே இல்லாத சுசுகி வினை என்று வெளியிட்டதை 2005-இல் அவரே மறுபரிசீலனை செய்தார். வினையில் போட்ட சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவு பல்லேடியம் காரணமாகத் தெரிந்தது. அவ்வளவு துளி போதும் என்றால், தூளிலிருந்து கசிவதை அலட்சியமாக விட முடியுமா?

மருந்துக்கு இது வெறும் ஆர்வக் கேள்வியும் இல்லை. மருந்துகளில் உலோக மாசுக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் க்யூ3டி விதிப்படி வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியம்தான் வரம்பு, ஊசிமருந்துக்கு 10. தினம் ஒரு கிராம் சாப்பிடும் மாத்திரையென்றால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு). கடைசிப் படிகளில் இந்த வினை வந்தால் நான் பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் தயோல் சிலிக்கா வழியாகவும் ஒரு முறை ஓட்டுகிறேன். செலவு கூடத்தான் செய்யும்; அப்படிப்பட்ட இடத்தில் பல்லேடியம்-கார்பனின் மலிவு எனக்குப் பெரிய லாபமாகத் தெரியவில்லை. ஆரம்பப் படிகளுக்கு இன்றும் இதைத்தான் எடுக்கிறேன்.

மறுபயன்பாடு இரண்டு முறையோடு சரி. அப்புறம் தூளை நீரில் நனைத்தபடியே மூடிவைத்து உலோக மீட்புக்கு அனுப்புகிறேன். உலர விடாதீர்கள், கரைப்பான் ஆவி பட்டால் தானாகத் தீப்பிடிக்கும்.