காரைக்குடி ரோம் காசுத் தட்டு: சிறியதை வாங்கலாம், பெரியதைத் தொடாதீர்கள்

முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் தூக்கும் தேக்குத் தூணும் விற்கும் பழம்பொருள் கடை ஒன்றில், கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி மூடிய தட்டு இருக்கிறது. சிறிய செப்புக்காசு 600 ரூபாய், பெரியது 4,000. விலை ஏற ஏற நம்பகம் குறையும் தட்டு இது.

கரூர் அமராவதிப் படுகையிலும் மதுரைப் பக்கமும் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகள் பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுப் பொடிக்காசுகள். தட்டில் உள்ள சிறியவையும் அந்த ரகம்தான். ஈட்டியோடு இரு வீரர்கள் நிற்கும் காசில் நடுவே உள்ள படைக்கொடியை எண்ணுங்கள். இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை, எடை சுமார் 2.5 கிராம். 335 வாக்கில் காசு ஏறக்குறைய ஒன்றரை கிராமாகச் சுருங்கியது, கொடியும் ஒன்றாயிற்று. இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய்க் காசின் முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண் உருவம். அவள் ரோம் நகரமே. பேரரசர் பெயர் இல்லையே என்று அதை ஒதுக்க வேண்டாம். எல்லாவற்றிலும் சிறியது, வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்லும் காசு: 13 மில்லிமீட்டர், ஒரு கிராம் சொச்சம். எழுத்து முழுக்கத் தேய்ந்தாலும் அந்த இழுக்கும் தோரணை தெரிந்துவிடும். அசல் என்று நம்பி வாங்கத்தக்கது இதுதான். இதைப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்?

பெரியவற்றில் பேரரசர் நீரோ தலையும் ரோமின் ஓஸ்தியா துறைமுகமும். செஸ்டெர்டியஸ் எனப்படும் இந்தப் பெரிய ரோமானியக் காசில் அசல் சுமார் 25 கிராம், அச்சில் அடித்தது. இங்கே இருப்பவை 17 கிராம், உலோகத்தை உருக்கி வார்த்த போலிகள். விளிம்பில் அரம் போட்டு மறைத்த வார்ப்புக்கோடு, லென்ஸில் ஊசிமுனைக் குமிழ்கள், கரைந்த சோப்பு போல மழுங்கிய எழுத்து. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வெட்டு வேறு. தனித்தனியே அடித்த காசுகளுக்கு அப்படி அமையாது.

லென்ஸும் நகைத் தராசும் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். புளியின் அமிலம் கெட்டியான பச்சைப் பூச்சைக் கரைக்கும். உருவத்தின் நுட்பம் பெரும்பாலும் அந்தப் பூச்சில்தான் நிற்கிறது. தேய்க்காதது இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கியதைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீர் மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் எடுங்கள். விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி இருந்தால் வாங்கவே வேண்டாம்; உள்ளே குளோரைடு அரிக்கிறது, ஈரம் பட்டால் திரும்பத் திரும்ப வரும்.

ரசீது கேட்டால்தான் எழுதுகிறார்கள், அதிலும் 'பழைய காசு' என்று மட்டும். படத்தையும் எடையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களுக்கு ஒன்று: நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் அடங்கும், தனியார் அதை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்வதில்லை.